மின்கட்டமைப்பில் பெரும் பேட்டரி நிலையங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கட்டமைப்போடு இணைக்கப்படும் பெரிய பேட்டரி நிலையங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் வந்து சேரும் ஐயங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. கேட்டவர்களின் வாக்கிலேயே கேள்விகளை எழுதி, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னும் வைத்திருக்கிறேன். பிந்திய விடைகள் முந்தியவற்றைச் சார்ந்திருப்பதால், முதல் மூன்றையாவது வரிசையாகப் படித்துவிடுவது நல்லது.

1. இதுவும் ஒரு மின் உற்பத்தி நிலையம்தானே?

அல்ல. பேட்டரி நிலையம் ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூடத் தானாக உண்டாக்குவதில்லை. வேறெங்கோ உற்பத்தியானதை வாங்கி வைத்திருந்து பிறகு தருகிறது. வாங்கியதை முழுவதுமாகத் தருவதும் இல்லை. மின்னேற்றத்தின்போதும் மின்னிறக்கத்தின்போதும் வெப்பமாகப் போவது, நேர்திசை மின்னோட்டத்தையும் மாறுதிசை மின்னோட்டத்தையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் இன்வெர்ட்டரிலும் மின்மாற்றியிலும் இழப்பது, குளிர்விக்கச் செலவாவது எல்லாவற்றையும் கழித்தால், லித்தியம் அயன் நிலையம் ஒன்று 100 யூனிட் வாங்கி ஏறத்தாழ 85 யூனிட் திருப்பித் தரும்.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அது மின்சாரத்தைத் தின்னும் நிலையமே. அந்த 15 யூனிட்டைக் கூலியாகக் கொடுத்து நாம் பெறுவது நேரத்தை. வேண்டாத வேளையில் கிடைக்கும் மின்சாரம், வேண்டிய வேளைக்கு நகர்கிறது. இந்தக் கூலி தகுமா என்பதே கீழே வரும் பல கேள்விகளுக்கு அடியில் இருக்கும் கேள்வி.

2. “100 மெகாவாட் பேட்டரி” என்று செய்தியில் போடுகிறார்கள். அது பெரியதா, சிறியதா?

அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டிக்குக் குழாயின் அகலம் ஒன்று, தொட்டியின் கொள்ளளவு இன்னொன்று. ஒரு நொடியில் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை மெகாவாட் சொல்கிறது. மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதை மெகாவாட்-மணி சொல்கிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், முழு வேகத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது கிடைத்துவிடும்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிய ஹார்ன்ஸ்டேல் நிலையம் அப்போது 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி. அதாவது ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் நிலையத்தின் முதல் கட்டம் 300 மெகாவாட், 1,200 மெகாவாட்-மணி. நான்கு மணி நேரம். முன்னது கட்டமைப்பின் திடீர்த் தள்ளாட்டங்களைச் சமாளிப்பதையே முதன்மை வேலையாகக் கொண்டு கட்டப்பட்டது. பின்னது மாலைநேரத் தேவைக்காகக் கட்டப்பட்டது. மெகாவாட்டை மட்டும் சொல்லி மணிக்கணக்கை விட்டுவிடும் அறிவிப்பு எதையும் நான் பாதி அறிவிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

3. அதிகமாக உற்பத்தியாகும் மின்சாரம் கம்பியிலேயே இருக்கட்டுமே, சேமிக்க எதற்குத் தனி நிலையம்?

கம்பியில் மின்சாரம் தேங்கி நிற்பதில்லை. மாறுதிசை மின்னோட்டக் கட்டமைப்பில் ஒவ்வொரு கணமும் உற்பத்தியும் செலவும் சமமாக இருந்தாக வேண்டும். நாட்டைப் பொறுத்து நொடிக்கு 50 அல்லது 60 சுற்று என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கும் அதிர்வெண்தான் இந்தச் சமநிலையின் நாடித்துடிப்பு. ஏற்றத்தில் ஏறும் மிதிவண்டி, மிதிப்பது போதாவிட்டால் வேகம் குறைவதைப் போல, தேவை உற்பத்தியை மிஞ்சும்போது சுழலும் மின்னாக்கிகள் தம் சுழற்சியிலிருந்தே அந்தக் குறையை ஈடுகட்டி மெதுவாகின்றன, அதிர்வெண் இறங்குகிறது.

எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் ஒரு மின்னல் தாக்கியதைத் தொடர்ந்து, கடலுக்குள் இருந்த காற்றாலைப் பூங்கா ஒன்றும் எரிவாயு மின் நிலையம் ஒன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உற்பத்தியை இழந்தன. 50இல் இருக்க வேண்டிய அதிர்வெண் 48.8க்கு இறங்கியது, எஞ்சிய கட்டமைப்பைக் காப்பாற்றுவதற்காகத் தானியங்கிக் கருவிகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் துண்டித்தன.

4. அந்தப் பெட்டிகளுக்குள் என்னதான் இருக்கிறது?

வெளியிலிருந்து பார்த்தால் கப்பலில் ஏற்றும் சரக்குப் பெட்டகங்களை வரிசையாக அடுக்கி வைத்தது போலத்தான் இருக்கும். ஒரு கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரை வரை இரும்புச் சட்டங்கள். அவற்றில் இழுப்பறைகளைப் போலச் செருகப்பட்ட தொகுதிகள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் தடித்த புத்தகம் அளவிலான மின்கலங்கள். இன்று பரவலாக இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம் ஒன்றின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.2 வோல்ட். 314 ஆம்பியர்-மணிக் கலமாக இருந்தால் அதில் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் அடங்கும். ஒரு மெகாவாட்-மணி என்பது 1,000 யூனிட். ஆகவே 5 மெகாவாட்-மணி கொள்ளும் ஒரு பெட்டகத்துக்குள் ஏறக்குறைய 5,000 கலங்கள் இருக்கின்றன.

ஆரஞ்சு நிற உறையிட்ட கனத்த வடங்கள் மின்சாரத்தைச் சுமக்கின்றன. அவற்றின் இடையே மெல்லிய கம்பிகள் கலங்களின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் மேலாண்மைக் கருவிக்கு இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அடியில் குளிர்திரவக் குழாய்கள் ஓடுகின்றன. மேலே வாயுவையும் புகையையும் மோப்பம் பிடிக்கும் உணரிகள் இருக்கின்றன. கலங்கள் தருவது நேர்திசை மின்னோட்டம் என்பதால், பெட்டகங்களுக்கு அருகே இன்வெர்ட்டரும் மின்மாற்றியும் நிற்கும். பேட்டரி நிலையத்தின் ஓசை என்று ஒன்று உண்டென்றால் அது பெரும்பாலும் குளிர்விப்பு விசிறிகளின் இரைச்சல்தான். சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் முதலில் புகார் சொல்வதும் அதைப் பற்றித்தான்.

5. நான்கு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற ஒன்றை நம்பி என்ன செய்வது?

நாளின் நெருக்கடி இருபத்து நான்கு மணி நேரமும் நீடிப்பதில்லை. சூரிய மின்சக்தி மிகுந்த கட்டமைப்பில் நண்பகலில் மின்சாரம் வழிகிறது. வெயில் சாய்ந்து, விளக்குகளும் சமையலும் குளிர்சாதனங்களும் ஒன்றாகத் தொடங்கும் மூன்று நான்கு மணி நேரம்தான் தொண்டையை நெரிக்கிறது. அந்த இடைவெளிக்கு நான்கு மணி நேரம் என்பது அளவெடுத்துத் தைத்த சட்டை.

கலிபோர்னியாவில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே பேட்டரிகளின் மொத்தத் திறன் 2024 ஏப்ரலில் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதே மாதத்தில் ஒரு மாலை, மாநிலக் கட்டமைப்புக்குச் சிறிது நேரம் மிக அதிக மின்சாரம் கொடுத்தது எரிவாயுவோ அணுசக்தியோ அல்ல. பகலில் நிரப்பி வைக்கப்பட்ட பேட்டரிகள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்கு மணி நேரம் என்பது முழு வேகத்தில் திறந்துவிட்டால் மட்டுமே. இரண்டாம் விடையில் சொன்ன 1,200 மெகாவாட்-மணித் தொட்டியை 100 மெகாவாட்டில் திறந்தால் பன்னிரண்டு மணி நேரம் வரும்.

6. வேகம் வேகம் என்கிறார்கள். அனல் மின் நிலையத்திலும் உற்பத்தியைக் கூட்டலாமே?

கூட்டலாம், ஆனால் நீராவி வால்வைத் திறப்பதற்கும் விசையாழி அதற்கு இசைவதற்கும் சில நொடிகள் ஆகும், கொதிகலன் கூடுதல் வெப்பத்தைத் தருவதற்கு நிமிடங்கள் ஆகும். பேட்டரியில் நகர வேண்டிய பாகம் எதுவும் இல்லை. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் குறைக்கடத்திச் சுவிட்சுகள் திறந்து மூடுவதுதான் வேலை என்பதால், ஒரு நொடியின் சிறு பங்கில் சுழியிலிருந்து முழுத் திறனுக்குப் போகவும் முடியும், மின்சாரத்தைக் கொடுப்பதிலிருந்து வாங்குவதற்குத் திரும்பவும் முடியும்.

2017 டிசம்பர் 14 அன்று பின்னிரவில், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள லாய் யாங் அனல் மின் நிலையத்தில் ஏறத்தாழ 560 மெகாவாட் தந்துகொண்டிருந்த அலகு ஒன்று நின்றுபோனது. அதிர்வெண் இறங்கத் தொடங்கியவுடன், பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி, இதற்கென ஒப்பந்தமாகியிருந்த நிலக்கரி அலகு அசைவதற்கு முன்பே மின்சாரத்தைச் செலுத்திவிட்டது. “பேட்டரி கட்டமைப்பைக் காப்பாற்றியது” என்று அன்று எழுதினார்கள். அது கொடுத்தது ஏறத்தாழ 7 மெகாவாட், இழப்போ 560. காப்பாற்றியது என்பது மிகை. வேகத்தை மெய்ப்பித்தது என்பது சரி.

7. இதில் சுழலும் சக்கரமே இல்லையே, பழைய நிலையங்களையெல்லாம் மூடிவிட்டால் கட்டமைப்பைத் தாங்குவது எது?

நல்ல கேள்வி; பொறியாளர்களே நெடுங்காலம் வாதாடிய கேள்வி. மூன்றாம் விடையில் சொன்னபடி, உற்பத்தி குறைந்த முதல் கணத்தில் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிப்பது பல நூறு டன் எடையுள்ள சுழலிகளின் நிலைமம், அதாவது சுழற்சியை விடாமல் தொடர முயலும் அவற்றின் இயல்பு. வழக்கமான இன்வெர்ட்டர் கட்டமைப்பின் அலையைப் பார்த்து, அதற்கேற்பத் தன் மின்னோட்டத்தைச் செலுத்தும். பின்பாட்டுப் பாடுபவரைப் போல. முன்னே பாடுகிறவர் நிறுத்திவிட்டால் அதற்கும் பாட்டு இல்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கட்டமைப்பைத் தானே உருவாக்கும் வகை இன்வெர்ட்டர். அது மின்னழுத்த அலையைத் தானே எழுப்பி நிறுத்துகிறது. அதிர்வெண் சரிந்தால், சுழலி ஒன்று எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளுமாறு அதன் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. 2020இல் 150 மெகாவாட்டாக விரிவுபடுத்தப்பட்ட ஹார்ன்ஸ்டேல் நிலையம், 2022 முதல் இந்த வகையில் நிலைமச் சேவையும் அளிக்கிறது.

ஆனால் ஒரு குறை எஞ்சுகிறது. மின்கசிவோ குறுக்குச்சுற்றோ ஏற்படும்போது சுழலும் மின்னாக்கி தன் இயல்பான அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கொட்டும். பாதுகாப்புக் கருவிகள் பழுதை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். இன்வெர்ட்டரால் தன் அளவுக்குச் சற்று மேலேதான் கொடுக்க முடியும், அதற்கு மேல் போனால் சுவிட்சுகள் கருகிவிடும். எனவேதான் சில கட்டமைப்புகளில் எரிபொருள் இல்லாமல் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும் ஒத்தியங்கு எந்திரங்களைப் பேட்டரிகளோடு சேர்த்து நிறுவுகிறார்கள்.

8. தீப்பிடித்தால் அணைக்கவே முடியாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஒரு கலத்துக்குள் வெப்பம் கட்டுமீறினால், அந்த வேதிவினையே மேலும் வெப்பத்தையும் எரியக்கூடிய வாயுக்களையும் உண்டாக்கும். அடுத்த கலத்துக்கும் தாவும். வெளியிலிருந்து காற்றைத் தடுத்தாலும் உள்ளே நடக்கும் வினை நிற்பதில்லை. ஆகவே பல இடங்களில் தீயணைப்புத் துறையினர், எரியும் பெட்டகத்தை எரிந்து முடிய விட்டுவிட்டு, அக்கம்பக்கத்துப் பெட்டகங்களை நீரால் குளிர்விப்பதையே வழிமுறையாகக் கொண்டிருக்கிறார்கள்.

மூன்று விபத்துகள் மூன்று பாடங்களைத் தந்தன. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில், சிறிய நிலையம் ஒன்றின் அடைத்த அறைக்குள் வாயு சேர்ந்திருந்தது. கதவைத் திறந்த பின் அது வெடித்து, நான்கு தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தனர். சேரும் வாயுவுக்குப் போக்கிடம் வைக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு கண்டிப்பானது. 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் அருகே சோதனை ஓட்டத்தில் இருந்த ஒரு பெட்டகம், குளிர்திரவக் கசிவால் எரிந்து அடுத்ததற்கும் பரவியது. ஆனால் நிலையத்தின் மற்றவை தப்பின. 2025 ஜனவரி 16 அன்று மாஸ் லாண்டிங்கில் நடந்தது வேறு மாதிரி. அங்கே முதல் கட்டக் கலங்கள் தனித்தனிப் பெட்டகங்களில் இல்லாமல், பழைய விசையாழிக் கட்டடம் ஒன்றுக்குள் அடுக்கப்பட்டிருந்தன. தீ கட்டடத்தின் பெரும்பகுதியை விழுங்கியது. சுற்றியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர்.

அந்தக் கட்டடத்தில் இருந்தவை நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த கலங்கள். இப்போது பரவலாகியிருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை கட்டுமீறுவதற்குக் கூடுதல் வெப்பநிலை தேவை. மீறினாலும் வெளிப்படும் வெப்பம் குறைவு. எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் கணிப்பில், கலத்தின் வகையைக் காட்டிலும் பெட்டகங்களுக்கு இடையே விடப்பட்ட இடைவெளிதான் ஒரு நிலையத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது.

9. செல்போன் பேட்டரி மூன்று வருடத்தில் போய்விடுகிறது, இது மட்டும் எப்படி உழைக்கும்?

நாள்தோறும் ஒரு முறை நிரப்பி இறக்கும் நிலையம் ஆண்டுக்கு 365 சுற்றுகள் ஓடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் பல ஆயிரம் சுற்றுகளைத் தாங்கும். வெப்பநிலையைக் கட்டுக்குள் வைப்பதும், ஓரம் வரை நிரப்பாமலும் அடிவரை வற்றவிடாமலும் இயக்குவதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். கொள்ளளவு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத்தான் செய்யும். அதை எதிர்பார்த்து முதலிலேயே கூடுதல் கலங்களை வைப்பார்கள், அல்லது சில ஆண்டுகள் கழித்துப் புதிய பெட்டகங்களைச் சேர்ப்பார்கள்.

10. லித்தியத்தை விட்டால் வேறு வழி இல்லையா?

உண்டு, மூத்த வழியும் உண்டு. மேல் அணைக்கு நீரை ஏற்றி வைத்துப் பிறகு இறக்கும் நீரேற்று மின் நிலையங்களில்தான், மெகாவாட்-மணிக் கணக்கில், உலகின் மின்சேமிப்பில் பெரும்பங்கு இன்றும் இருக்கிறது. வேல்ஸில் ஒரு மலையைக் குடைந்து 1984இல் திறக்கப்பட்ட டினார்விக் நிலையம் 1,700 மெகாவாட்டுக்கு மேல் தரும். அதற்கு மலையும் நீரும் வேண்டும், கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். பேட்டரி நிலையத்துக்குச் சமநிலமும் மின்நிலைய இணைப்பும் போதும்.

வேதியியலிலும் மாற்றுகள் இருக்கின்றன. சீனாவின் டாலியன் நகரில் 2022இல் இணைக்கப்பட்ட 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி நிலையம், வனேடியம் என்ற உலோகம் கலந்த கரைசலில் மின்சாரத்தைச் சேமித்து, அந்தக் கரைசலைத் தொட்டிகளில் வைத்திருக்கிறது. தொட்டியைப் பெரிதாக்கினால் மணி நேரம் கூடும், தீ அச்சமும் இல்லை. சோடியம் அயன் கலங்களும் கட்டமைப்பு அளவில் வரத் தொடங்கிவிட்டன. இருந்தும் லித்தியம் முன்னே நிற்பதற்குக் காரணம் விலை. மின்வாகனங்களுக்காகப் பெருந்தொழிற்சாலைகள் எழுந்ததால், 2010உடன் ஒப்பிட்டால் அதன் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

11. பத்து நாள் தொடர்ந்து வெயிலும் இல்லை, காற்றும் இல்லை என்றால்?

அங்கேதான் பேட்டரி கைவிரிக்கும். சராசரியாக 10,000 மெகாவாட் தேவைப்படும் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். பத்து நாள் என்றால் 240 மணி நேரம். வேண்டியது 24 லட்சம் மெகாவாட்-மணி. மாஸ் லாண்டிங் முதல் கட்டத்தைப் போல 2,000 நிலையங்கள் கட்ட வேண்டும்.

கட்டினாலும் கணக்கு ஒத்துவராது. தினமும் நிரப்பி இறக்கும் பேட்டரி தன் முதலீட்டை ஆண்டுக்கு 365 தவணைகளில் மீட்கிறது. பத்து நாள் பஞ்சத்துக்காகக் காத்திருப்பதற்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு தவணைதான் கிடைக்கும். இத்தகைய நீண்ட பற்றாக்குறைக்கு நீர்மின் அணைகள், அண்டைக் கட்டமைப்புகளுடனான இணைப்பு, எப்போதாவது ஓடும் எரிபொருள் நிலையங்கள் ஆகியவையே இன்று கைகொடுப்பவை.

12. 15 சதவீதம் வீணாகிறது என்றால், இதனால் புகை கூடத்தானே செய்யும்?

எதை வைத்து நிரப்புகிறோம், இறக்கும்போது எந்த நிலையத்தை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. நண்பகலில் வாங்க ஆளில்லாமல் நிறுத்தப்பட இருந்த சூரிய மின்சாரத்தை நிரப்பி, மாலையில் ஓட வேண்டிய எரிவாயு நிலையத்தை நிறுத்தினால் புகை குறையும். வீணாகும் 15 சதவீதமும் எப்படியும் வீணாக இருந்ததுதான்.

நள்ளிரவில் நிலக்கரி மின்சாரத்தை நிரப்பி எரிவாயுவை நிறுத்தினால் கதை தலைகீழ். ஒரு யூனிட் நிலக்கரி மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு என்று வைத்தால், முதல் விடையில் சொன்ன இழப்பையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 1.18 கிலோ ஆகும். நல்ல எரிவாயு நிலையம் அதில் பாதிக்கும் குறைவாகவே வெளியிடும். விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்து இயங்கும் பேட்டரிக்கு இது தெரியாது.

13. முழுக் கட்டமைப்பும் இருண்டுபோனால் பேட்டரியால் அதை எழுப்ப முடியுமா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான மின் நிலையங்களுக்குத் தங்கள் எக்கிகளையும் விசிறிகளையும் ஓட்டுவதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2017இல் கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோவில் 33 மெகாவாட் பேட்டரி ஒன்று, வெளி மின்சாரம் இல்லாத நிலையில் இருந்த எரிவாயு விசையாழியைத் தொடக்கிவைத்தது. இதற்கு ஏழாம் விடையில் சொன்ன, அலையைத் தானே எழுப்பும் இயக்கமுறை வேண்டும். கூடவே, இருள் சூழும் நேரத்தில் பேட்டரியில் மீதம் இருக்கவும் வேண்டும். மாலை விலை ஏறியபோது கடைசிச் சொட்டு வரை விற்றுவிட்ட நிலையம் நள்ளிரவில் யாரையும் எழுப்பாது. அதனால், இந்தப் பணிக்கு ஒப்புக்கொண்ட நிலையம் குறிப்பிட்ட அளவைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது முறை.

14. பேட்டரி வந்துவிட்டால் புதிய உயரழுத்தக் கம்பித்தடங்கள் வேண்டாமல் போகுமா?

சில இடங்களில் தள்ளிப்போடலாம். ஆண்டில் சில நாட்கள், அதுவும் மாலையில் மட்டும் நெரிசலாகும் தடம் என்றால், நெரிசலின் மறுமுனையில், அதாவது மின்சாரம் செலவாகும் பக்கத்தில், ஒரு பேட்டரியை வைத்து முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளலாம்.

ஆனால் பேட்டரி மின்சாரத்தை ஒரு வேளையிலிருந்து இன்னொரு வேளைக்கு நகர்த்துமே தவிர, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தாது. காற்றாலைகள் மிகுந்த பகுதியில் ஐந்து நாள் விடாமல் காற்றடித்தால், அங்கே வைத்த பேட்டரி முதல் நாள் காலையிலேயே நிரம்பிவிடும். அதன் பிறகு தடம் காலியாகும் வரை, நிரம்பிய பேட்டரியின் அருகிலேயே காற்றாலைகளை நிறுத்தி வைக்க வேண்டியதுதான்.